சரி என்பதற்கு ஆறு முத்திரைகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாம் இருவரும் பேசிவிட்டதாக ஆகிவிடும். கடிதம் பேச்சில் சேராது என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அதையும் கடிதத்திலேயே தெரிவிக்கலாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பத்து நாளாகிறது. அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார், சொல்லாமலும் இருந்திருப்பார். அவர் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது கூடப்பிறந்த எனக்கே இதுவரை பிடிபடவில்லை.

போன அக்டோபரில் நாம் இருவரும் பார்த்து அனுப்பிய ஊசி மருந்துத் தாள் நினைவிருக்கும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, அது. குழந்தைகளுக்கான அளவு அட்டவணை இருபத்திரண்டு வரி. அதில் பதினோராவது வரியிலிருந்து அளவுகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறி அச்சாகியிருக்கின்றன. பிறந்து இரண்டு வாரம் ஆகாத குழந்தைக்கான அளவு காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு வயதுக் குழந்தையின் அளவு வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசிக் கட்டம் காலியாக நிற்காமல், அங்கே பழைய எண்ணே இரண்டாம் முறை. ஜனவரியில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்து, பிறந்து ஆறே நாளான குழந்தைக்கு ஏழு நாள் ஊசி போட்டிருக்கிறார். தாளில் இருந்தபடியே போட்டதால் அவர் மீது தவறில்லை என்கிறார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. காதுதான் இரண்டும் போய்விட்டது.

அச்சுக்கு முன்னால் நாம் சரிபார்த்த ப்ரூஃபைத் தேடி எடுத்துவிட்டார்கள். நம் அச்சகத்தின் ஐந்து முத்திரைகளும் வரிசையாக இருக்கின்றன: கரெக்ட், அக்யூரேட், எக்ஸாக்ட், பிரிசைஸ், எர்ரர்-ஃப்ரீ. முதலாளியின் அப்பா காலத்தில் கரெக்ட் ஒன்றுதான் இருந்ததாம். ஒரு பல்பொடியில் காலாவதித் தேதி தவறியபோது அக்யூரேட் வந்தது. இருமல் மருந்தில் 'குலுக்கவும்' விட்டுப்போனபோது எக்ஸாக்ட். பிரிசைஸ் எதற்காக வந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், நான் அப்போது சேரவில்லை. எர்ரர்-ஃப்ரீ நம் கண்முன்னால் வந்தது; அது மட்டும் அச்சாகும் தாளின் கீழேயும் வரும். ஒவ்வொரு தவறுக்கும் இன்னோர் ஆளை வைப்பதற்குப் பதிலாக முதலாளி இன்னோர் ஆங்கிலச் சொல்லை வைத்தார். "எல்லாம் ஒரே அர்த்தம்தானே சார்" என்று நீங்கள் கேட்டீர்கள். "ஒரே அர்த்தம்தான்மா. ஆனா அஞ்சு தடவ சொன்னா அஞ்சு பேர் பாத்த மாதிரி இருக்குமில்ல" என்றார் அவர்.

பார்த்தது அஞ்சு பேர் அல்ல, நாம் இரண்டு பேர். அந்த இரண்டிலும் இப்போது ஒன்றுதான் மிச்சம். டிசம்பரில் முதலாளி அண்ணனுக்குத் தன் வெளியூர்க் கிடங்கில் மேலாளர் வேலை கொடுத்தார், நீங்களும் கூடப் போய்விட்டீர்கள். வேலையை விட்டவர்களை விசாரிக்க விதியில் இடமில்லையாம். ஏப்ரல் 10 அன்று என்னை மட்டும் விசாரிக்கிறார்கள். தவறு என்னுடையது என்று முடிவானால் வேலை போவதோடு நிற்காது, கோப்பு போலீஸுக்குப் போகும் என்று நம் மேற்பார்வையாளர் 'தலையாட்டி' சொன்னார். அவர் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் சொன்ன விஷயம் இது. அதனால் நம்புகிறேன்.

விசாரணை அதிகாரி வெளி ஆள். அவருக்குப் புரியும்படி ஒரு வாக்குமூலத்தை நானே எழுதி இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'நாங்கள் இருவர் ஒரு ஜோடி. ஒருத்தி மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள், புள்ளி, கமா, அடைப்புக்குறி உட்பட. மற்றவள் ப்ரூஃபில் பென்சிலை ஓட்டிக்கொண்டு வருவாள். செப்டம்பர் 28 முதல் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஆகவே சத்தமாகப் படிப்பதும் இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரவர் தாளில் ஒரு வரியை மனதுக்குள் படித்து முடித்ததும் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவோம். மற்றவளும் ஒரு தட்டு தட்டினால் அடுத்த வரி. இப்படிப் பதினெட்டு நாள் கவனமாகப் பார்த்துவந்த நிலையில் இந்தத் தாள் வந்தது. மேற்பார்வையாளருக்கு இது தெரியும். அறை அமைதியாக இருக்கிறது, ஒன்பது தாள் முடிந்த இடத்தில் பதினான்கு முடிகிறது என்று பாராட்டினார்.'

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். பேச வேண்டாம்.

நாத்தனார்

*

மார்ச் 11

உனக்கு,

கடிதம் கிடைத்தது. பேச்சில் சேராது என்பதே என் கருத்தும்.

பிரிசைஸ் வந்தது மூக்கில் விடும் மருந்தைக் கண்ணில் விடச் சொன்னதற்காக. அக்யூரேட் வந்தது பல்பொடிக்காக அல்ல, பூச்சிப்பொடிக்காக. செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை பத்தொன்பது நாள், பதினெட்டு அல்ல. பதினான்கு தாள் என்பது இரண்டு நாள் மட்டும் நடந்தது, மற்ற நாட்களில் பன்னிரண்டு, பதின்மூன்று.

இவற்றைத் திருத்தினாலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. 'கவனமாகப் பார்த்துவந்த நிலையில்' என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை இல்லை என்பது உனக்கும் தெரியும். பென்சில் தட்டு வரியை எண்ணும், வரிக்குள் இருப்பதைப் படிக்காது. அட்டவணை மூலத்திலும் இருபத்திரண்டு வரி, ப்ரூஃபிலும் இருபத்திரண்டு. நாம் தட்டியதும் இருபத்திரண்டு. எல்லாம் பொருந்தியது.

இதை இப்படியே எழுதிக் கொடேன் என்று நீ கேட்கலாம். உன் அண்ணன் இப்போது வேலை பார்ப்பது அதே முதலாளியிடம். இங்கே வந்த பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் சிரிக்கிறார். போன வாரம் நான் சும்மா பேச்செடுத்தேன். "நீ அங்கேருந்து விலகிட்ட. விலகினவங்க விலகினபடியே இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார். "அவ உங்க தங்கச்சி" என்றேன். "அதான் சொல்றேன். நீ வாயைத் திறந்து அவளுக்கு நல்லது நடந்ததா சரித்திரம் இருக்கா?" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று உனக்குத் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். உன்னைப் பார்க்க அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டார் வந்த அன்று, வயது என்ன என்று அவருடைய அம்மா கேட்டார். உன் அண்ணன் "முப்பத்தொண்ணு" என்றார். நான் "முப்பத்திமூணு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வர்ற மார்ச்ல முப்பத்திநாலு" என்றும் சொன்னேன். அதில் கெட்ட எண்ணம் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தவறான எண்ணைப் பார்த்தால் கை தானாகப் போகும். அன்று வாய் போய்விட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் எழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் படித்தது ப்ரூஃப் அல்ல என்று.

கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்தங்கள் சிவப்பில்.

உன் அண்ணி

*

மார்ச் 19

அண்ணிக்கு,

தவறான ஒரு கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பும் சேவைக்கு நன்றி. ஏப்ரல் 10க்குப் பிறகு எனக்கு நிறைய நேரம் இருக்கும். அப்போது இன்னும் தவறாக எழுதி அனுப்புகிறேன்.

இந்த மாதம் எனக்கு முப்பத்திநான்கு ஆகிவிட்டது. நீங்கள் அன்று சொன்னது சரி. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணுக்கு நான் முப்பத்தொன்றாகத்தான் தெரிந்தேன்; தன் ஊரில் எல்லோருடைய பார்வையையும் சோதிப்பவர் அவர். நீங்கள் அவரையும் திருத்திவிட்டீர்கள். நான் அதற்காகப் பேச்சை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சொன்னது உண்மைதானே" என்று கேட்டீர்களே, அதற்காக நிறுத்தினேன்.

போகட்டும். வேலை இல்லாததால் ஒரு காரியம் செய்தேன். அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன்.

போகக்கூடாது என்று தலையாட்டி சொல்லியிருந்தார். முகவரி கோப்பில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மிஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போலத் தொட்டில். அவள் காலால் மிதிக்கும்போது தொட்டிலும் சேர்ந்து ஆடுகிறது. உள்ளே பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் மெதுவாகப் பேசினேன். அவள் சிரித்தாள்.

"சத்தமாவே பேசுங்க. பொறந்த அன்னிக்கு யாரோ கதவைச் சாத்துனதுக்கு உடம்பைத் தூக்கிப் போட்டுச்சு. இப்ப தலைமாட்டுலயே மிஷின் ஓட்டுறேன், அசைய மாட்டான். எங்க அக்கா சொல்றா, தொழிலுக்கு ஏத்த பிள்ளைன்னு."

நான் யார் என்று கேட்டாள். அந்தக் காகிதம் அச்சடித்த இடத்தில் வேலை பார்க்கிறவள் என்றேன். எழுந்து துணி அளக்கும் நாடா வைத்திருந்த டப்பாவைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் வெளுத்துவிட்டது. எத்தனை பேரிடம் பிரித்துக் காட்டினாளோ.

"எல்லாரும் மேல இருக்கிற நம்பரைத்தான் பாக்கறாங்க. கீழ ஓரத்துல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ்ல என்னமோ இருக்கே, அது என்ன?"

"எர்ரர்-ஃப்ரீன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"தப்பே இல்லைன்னு அர்த்தம்."

அவள் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "யாரைச் சொல்றாங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தபோது எனக்குப் பின்னால் அவள் எதையோ தூக்கிப் போட்டாள். கத்தரிக்கோல். டமாலென்று விழுந்தது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் ஒருமுறை அப்படிப் போட்டுப் பார்ப்பாள் போலிருக்கிறது.

அண்ணி, என்னுடைய வாக்குமூலம் தவறென்றால் உங்களுடையதை நீங்களே எழுதுங்கள். உங்களுக்கு எது சரியோ, ஒரு எண்கூட மாறாமல், அப்படியே எழுதுங்கள். எனக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்றில்லை. அண்ணன் வேலை எனக்கும் முக்கியம்தான். ஆனால் இரண்டு பேர் பார்த்த தாளை நான் ஒருத்தி பார்த்ததாக எழுதினால், அதுவும் ஒரு பிழைதானே? உங்களால் எப்படிச் சும்மா இருக்க முடிகிறது?

நாத்தனார்

*

மார்ச் 28

உனக்கு,

நேற்று மூன்று பக்கம் எழுதி, விசாரணை அதிகாரி பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். பேச்சில்லாத நாட்கள் பத்தொன்பது என்றே எழுதியிருக்கிறேன். மேற்பார்வையாளர் பாராட்டிய தேதி, நேரம், அப்போது அவர் கையில் வைத்திருந்த டம்ளர் உட்பட எல்லாம் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு பத்தி உனக்குப் புதிது. அதை நகலில் பார்ப்பதற்கு முன்னால் என் கையால் சொல்லிவிடுகிறேன்.

அன்று பதினோராவது வரியில் என் கை நின்றது. எண் அளவுக்கு மிஞ்சியதாகத் தோன்றியது. உன் தாள் பக்கத்திலேயே இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மூலத்தில் வேறு எண். பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமாக அல்ல, நிச்சயமாகத் தெரிந்தது.

வாயைத் திறந்து 'தப்பு' என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். ஆனால் அதுதான் பத்தொன்பது நாளில் நம் இருவருக்கும் நடுவில் முதல் சொல்லாக இருக்கும். அதுவும் மறுபடி என் வாயிலிருந்து ஒரு திருத்தம். 'பார், இவளால் திருத்தாமல் இருக்க முடியாது' என்று நீ நினைப்பாய் என்று நினைத்தேன். ஆகவே இரண்டு தட்டு தட்டினேன். இரண்டு தட்டினால் என்ன அர்த்தம் என்று நாம் முடிவு செய்திருக்கவில்லை. பேசாதவர்கள் எதை முடிவு செய்வது? நீ திரும்பி என்னவென்று கேட்பாய், நான் காட்டுவேன், அத்தோடு பேச்சும் தொடங்கிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நீ ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாய்.

நானும் போனேன். மிச்சம் பதினொரு வரியும் ஒழுங்காகத் தட்டினேன். கடைசியில் எழுந்து ஐந்து முத்திரைகளையும் வைத்தேன். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று இருந்தேன். சரி என்பதற்கு ஐந்து சொல் வைத்திருக்கிறார் முதலாளி. 'பார்த்தேன், சொல்லவில்லை' என்பதற்கு அவரிடம் ஒரு முத்திரை இல்லை.

இதைத்தான் நான் முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். உன் அண்ணன் வேலை என்று எழுதியது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

உன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தபால் ரசீதைப் புடவை முந்தானையில் முடிந்து மறந்துவிட்டேன், துவைக்கப் போட்டவர் அவர். "உனக்கு வாயில பூட்டே கிடையாதா?" என்று கேட்டார்.

"பத்தொன்பது நாள் இருந்துச்சு. அதான் பிரச்னையே" என்றேன்.

அதன்பிறகு இந்த வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. தட்டு மட்டும் வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. தலையாட்டி வந்தால் பாராட்டுவார்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 3

அண்ணி,

இரண்டு தட்டு எனக்குக் கேட்டது.

கேட்கவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். கேட்டது. உங்கள் தாளைப் பார்த்தேன். என் தாளைப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது.

எல்லோரையும் திருத்துகிறவர், இதையும் அவரே சொல்லட்டும் என்று நினைத்தேன். முப்பத்திமூன்று என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் வாய் திறப்பதற்காக ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தேன். நீங்கள் முத்திரைப் பெட்டியைத் திறந்தபோதும் காத்திருந்தேன். எர்ரர்-ஃப்ரீயை நீங்கள் கொஞ்சம் அழுத்தியே வைத்தீர்கள். எனக்கு அது என்னைக் குத்துவதாகப் பட்டது. அதனால் நானும் என் கையெழுத்தை அழுத்திப் போட்டேன்.

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் அது அச்சேறிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? எங்கள் வீட்டில் பேச்சு இல்லை என்றா?

அந்தத் தையல்காரியிடம் நான் போனது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். அவள் "யாரைச் சொல்றாங்க" என்று கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது.

பத்தாம் தேதி இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று பக்கம், என் ஒரு பக்கம். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும். யாராவது சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது.

நாத்தனார்

*

ஏப்ரல் 23

உனக்கு,

விசாரணை முடிந்து பதின்மூன்று நாளாகிறது. உன்னிடமிருந்து எதுவும் இல்லை.

உன் அண்ணனுக்கு வேலை போகவில்லை. எனக்குக் கவலை அதுதான். நான் எழுதியதை யாராவது படித்திருந்தால் இந்நேரம் போயிருக்கும். நேற்று முதலாளி போனில் அவரை விசாரித்தாராம், "வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று. 'சுகம்' என்று சொல்லியிருக்கிறார். அதைத் தெரிவிக்க என்னிடம் இரண்டு சொல் பேசி, பிறகு மறுபடி நிறுத்திக்கொண்டார்.

போலீஸ் என்று ஏதாவது வந்திருந்தால் மறைக்காதே. தனியாக நிற்காதே. நானும் வந்து நிற்கிறேன். இருவர் பார்த்த தாள் அது.

என் எண் மாறிவிட்டது. புதியதைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேசினாலும் பரவாயில்லை. நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நானே முதலில் பேசுகிறேன்.

அண்ணி

*

மே 6

அண்ணி,

என்னை வேலையில் மறுபடி சேர்த்துவிட்டார்கள்.

முதலில் விசாரணை. ஒரு நீளமான மேசை, மின்விசிறி, அதிகாரி, ஓரமாகத் தலையாட்டி. அதிகாரி நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் எழுதி வைத்திருந்ததைச் சத்தமாகப் படித்தேன், கமா முற்றுப்புள்ளி மட்டும் விட்டுவிட்டு. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேள்வி கேட்டார்.

"இந்தத் தட்டுறது, முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?"

"முன்னாடி."

"முத்திரை அஞ்சும் இருக்கா?"

"இருக்கு."

"வரிசையா இருக்கா?"

"வரிசையாத்தான் இருக்கு. ஆனா சார், எங்க ரெண்டு பேருக்கும் தப்புன்னு தெரியும்."

"அதைத்தான் எங்க சேர்க்கிறதுன்னு யோசிக்கிறேன். உங்க அண்ணியும் எழுதியிருக்காங்க, மூணு பக்கம். நல்ல கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. ஆனா நடைமுறைக் கையேட்டுல ஒரு தட்டும் இல்ல, ரெண்டு தட்டும் இல்லையே. இல்லாத ஒண்ணை மீறினீங்கன்னு நான் எப்படி எழுத முடியும்?"

"அப்ப அந்தக் குழந்தை?"

"அது பாவம்தான்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

தலையாட்டி ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தண்டனைக்கு நான் எதையெல்லாமோ தயார் செய்து வைத்திருந்தேன். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது, உங்கள் புடவை ஒன்று இங்கே தங்கிவிட்டதே அதை எப்படி அனுப்புவது என்றெல்லாம். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. போலீஸ் இல்லை. அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றலாம்.

முதலாளி ஆறாவது முத்திரை செய்து வாங்கியிருக்கிறார். ஃபால்ட்லெஸ். பச்சை மை. இனிமேல் தாளின் கீழே வட்டத்துக்குள் இரண்டு சொல் வரும். தட்டு முறையையும் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள், தாள் எண்ணிக்கை கூடுகிறது என்பதால். எல்லா ஜோடிக்கும் இப்போது அதுதான். சத்தமாகப் படித்தால் பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தொந்தரவு என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒருநாள் அறைக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள், ஓட்டுக்கூரையில் மழை பெய்வது போலவே இருக்கும்.

எனக்குப் புது ஜோடி கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பெண், பேசும் பழக்கம் அதிகம் இல்லை, நல்ல வேகம். அவளுக்கு என் மீது எந்தக் கோபமும் கிடையாது.

நீங்கள் பின்பக்கம் எழுதிய எண்ணைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். ஓர் இலக்கம் குறைகிறது. நீங்கள் பிழை விட்டு நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. கை தவறிப் போனதா, கையே விடாமல் பிடித்துக்கொண்டதா என்று தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை. முதலில் நீங்கள் பேசி, அதற்கு நான் பதில் சொல்லி, அதன்பிறகு இருவரும் எதைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்துப் பார்த்தேன். பேசினால் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். அதைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அக்டோபர் 17.

தையல்காரி வீட்டுக்கு மறுபடி போனேன். மாடிப்படிக்குக் கீழே வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. விசாரணை அறிக்கை அச்சுக்கு வந்தது, நம் அச்சகத்துக்கே. பன்னிரண்டு பக்கம். சரிபார்க்க என் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். அதில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, முறைப்படி என் முறைதான். மூலம் என்னிடம், ப்ரூஃப் அந்தப் பெண்ணிடம். உங்கள் மூன்று பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: 'முன்னாள் ஊழியர் ஒருவரின் கடிதமும் பெறப்பட்டது.' என் பக்கத்தைப் பற்றி அதுவும் இல்லை.

ஒன்பதாம் பக்கத்தில், 'மேற்கண்டவற்றால் இதில் எவருடைய கவனக்குறைவும் இல்லை என்பது தெளிவாகிறது' என்று ஒரு வரி வந்தது. மூலத்திலும் அதுதான், ப்ரூஃபிலும் அதுதான். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

என் கை நின்றது. இரண்டு தட்டு தட்டினேன்.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

பன்னிரண்டு பக்கமும் முடித்து, ஆறு முத்திரைகளையும் வைத்துவிட்டேன். அதில் ஒரு பிழைகூட இல்லை, அண்ணி.

நாத்தனார்